லான்சலற் பிறவுணும் ஆங்கில மாளிகைப் பூங்காக்களும்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பண்பாட்டினை ஆராய்வோர் கவிதைக்கும் ஓவியத்துக்கும் கட்டடக்கலைக்கும் அளிக்கும் இடத்தினைப் பூங்காக்கலைக்கு அளிப்பது அரிது. ஆயின், அந்நூற்றாண்டின் பெருநிலக்கிழார் தம் செல்வத்தின் கணிசமான பகுதியை மாளிகைகளைச் சூழ்ந்த நிலத்தின் தோற்றத்தை மாற்றுவதிலேயே செலவிட்டனர். அம்மாற்றத்துடன் பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ள பெயர் லான்சலற் பிறவுண் (1716–1783) என்பதாகும். எந்நிலத்தைக் காணினும் அதற்குத் திருந்தும் 'தகுதிகள்' உண்டு எனக் கூறும் வழக்கம் அவருக்கு இருந்தமையால், 'கேப்பபிலிற்றி' பிறவுண் என்னும் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. இயற்கையின் கலைஞர் என்றே அவரைப் போற்றுவது மரபு. நாம் அவர்தம் தொழில் வாழ்வை வேறொரு கோணத்தினின்றும் நோக்க விழைகின்றோம்.

நோதம்பர்லாந்தின் கேர்க்ஹார்ல் என்னும் சிற்றூரிற் பிறந்த பிறவுண், பதினாறாவது வயதளவிற் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு, அவ்வூர் நிலவுடைமையாளரான சேர் வில்லியம் லொறெயினின் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தார். 1739இல் தெற்கு நோக்கிச் சென்ற அவர், 1741இல் கொபம் பிரபுவின் ஸ்ரோ தோட்டத்திற் பணியேற்றார். ஆண்டுச் சம்பளம் 25 பவுண். அப்போது ஸ்ரோவில் வில்லியம் கென்ற் புதிய முறையிலான பூங்காவினை உருவாக்கிக்கொண்டிருந்தார். வேர்செயில்ஸ் அரண்மனைத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட நேர்கோட்டுப் பாதைகள், கத்தரித்து உருவமைத்த செடிகள், கல்விளிம்பிட்ட தடாகங்கள் ஆகியவற்றைக் கைவிட்டு, வளைந்த நீர்நிலையும் புல்வெளியும் கொண்ட காட்சியை அமைப்பதே அம்முறையாகும். ஆகவே பிறவுண் இதனைத் தோற்றுவித்தவர் அல்லர். மேயும் விலங்குகள் மாளிகையை அணுகாவாறு தடுத்தும் பார்வையைத் தடுக்காதும் அமையும் 'ஹா-ஹா' என்னும் மறைபள்ளமும் அவருக்கு முற்பட்டதே. பிறவுணின் தனித்திறன் பிறிதொன்று. கென்ற் ஓவியராக நின்று வரைந்து காட்டியவற்றை மண்ணில் நிறைவேற்றும் பொறுப்பு பிறவுணைச் சார்ந்திருந்தது. மண்ணையும் நீரையும் கூலியாட்களையும் கணக்கினையும் ஒருங்கே ஆளும் பயிற்சியை அவர் அங்கேயே பெற்றார்.

1749இல் கொபம் பிரபு இறந்தார். ஈராண்டுகளின் பின்னர் இலண்டனையடுத்த ஹமஸ்மித்திற் குடியேறிய பிறவுண் தனித்துத் தொழில் நடத்தலானார். அவரது முதற்பெரும் பணி, கொவென்ரி பிரபுவுக்காக வூஸ்ரர் மாவட்டத்துக் குரூம் என்னுமிடத்தில் மேற்கொள்ளப்பட்டது. அங்கே மாளிகையின் புறத்தோற்றத்தையும் அவரே அமைத்தார். சதுப்பாகக் கிடந்த நிலத்தினடியிற் செங்கல்லாலான வடிகால்களை அமைத்து, வடித்த நீரைச் செயற்கை ஆறொன்றினுட் செலுத்தினார். பழைய தேவாலயம் இடிக்கப்பட்டு, காட்சிக்கு இயைபான மேட்டிற் புதியதொன்று எழுந்தது. அவர் இறந்த பின்னர் அப்பிரபு ஏரிக்கரையில் நாட்டிய நினைவுக்கல், சதுப்பிலிருந்து இக்காட்சியை ஆக்கியவர் என அவரைப் புகழ்கின்றது. புகழுரையாயினும் தொழில்நுட்ப உண்மை வழுவாத கூற்று இது.

நீரே பிறவுணின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்ட துறை எனலாம். பிளெனிம் மாளிகையில், கிளைம் என்னும் சிற்றோடையின் மேல் வான்புறூ முன்னரே மாபெரும் பாலமொன்றைக் கட்டியிருந்தார். ஓடையோ சிறிது, பாலமோ பெரிது. அப்பொருந்தாமை பலரின் நகைப்புக்கு இடமாயிற்று. 1764ஆம் ஆண்டளவில் நான்காம் மால்பறோ கோமகனால் அழைக்கப்பட்ட பிறவுண், பள்ளத்தாக்கின் கீழ்ப்புறத்தில் அணையிட்டு நீரை உயர்த்தினார். பாலத்தின் கீழறைகள் நீரில் மூழ்கின. பாலம் தனக்கேற்ற ஏரியைப் பெற்றது. களிமண்ணைப் பிசைந்து மிதித்து இறுக்கி நீர் கசியாதபடி செய்யும் முறையே இத்தகைய ஏரிகளுக்கு அடிப்படை. இன்று அங்கு நிற்பவர் அணையைக் காணார், ஏரியையே காண்பர். அவ்வாறு தன் கைவேலையை மறைப்பதே அவரது நோக்கமாகவும் இருந்தது.

1764இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அவரை ஹம்ரன் கோட் அரண்மனையின் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் அவர் பணிபுரிந்துள்ளார். குதிரையில் நிலத்தைச் சுற்றிப் பார்த்தல், அளவையாளரைக் கொண்டு வரைபடம் ஆக்குதல், மேற்பார்வையாளரை அமர்த்துதல், தவணை முறையிற் பணம் பெறுதல் என ஒழுங்குபடுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாக அதனை அவர் நடத்தினார். கோட்பாட்டு நூல் எதனையும் எழுதவில்லை. 1782இல் அவரைச் சந்தித்த ஹன்னா மோர் என்னும் எழுத்தாளர், தம் கலையினை அவர் இலக்கியத்துடன் ஒப்பிட்டமையைக் கடிதமொன்றிற் பதிந்துள்ளார். எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி, எங்கே அடைப்புக்குறி என நிலத்தைச் சுட்டி அவர் விளக்கினாராம்.

இவ்வழகிய உவமை எமக்குச் சிறிது உறுத்தலையும் தருகின்றது. வாக்கியத்தில் வேண்டாத சொல்லை அடிப்பது எளிது. நிலத்தில் அடிக்கப்பட்டவை சிலவேளை மனிதர் வாழ்ந்த வீடுகளாயிருந்தன. டோர்செற்றில் மில்ரன் பிரபு தம் மாளிகையருகேயிருந்த பழைய சந்தை நகரொன்றை இல்லாதொழிக்கத் துணிந்தார். பூங்காவினைத் திட்டமிட்டவர் பிறவுண். வெளியேற்றப்பட்டோருட் சிலருக்காகச் சற்றுத் தொலைவில், மாளிகையின் கண்ணிற் படாத பள்ளத்தாக்கில், ஒரே வடிவான குடில்கள் கொண்ட மில்ரன் அபஸ் எழுந்தது. இக்குடில்கள் இன்று அழகுக்குப் பேர்போனவை. இவ்வகை வெளியேற்றங்கள் பிறவுணுடன் தொடங்கியவையல்ல. கோல்ட்சிமித் 1770இல் வெளியிட்ட 'கைவிடப்பட்ட கிராமம்' என்னும் கவிதைக்குக் காரணமானதாகப் பலரும் கருதும் நியூனம் கோட்னியிலும், ஊர் அகற்றப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே பிறவுண் வந்தார். ஆணையிட்டவர் நிலக்கிழாரேயன்றி அவரல்லர். எனினும், வெறுமையே அழகு என்னும் சுவையை நாடெங்கும் பரப்பியவர் என்ற வகையில், அவரை இவ்வரலாற்றிலிருந்து முற்றாக விடுவித்தல் இயலாது.

தமிழறிந்தோர் கருதற்குரிய மற்றொரு பணி சறே மாவட்டத்துக் கிளெயர்மன்ற் ஆகும். 1768இல் நியூகாசில் கோமகன் இறந்தபின் அதனை வாங்கியவர், சென்னையில் எழுதுவினைஞராகத் தொடங்கி 1751இல் ஆர்க்காட்டு முற்றுகையாற் புகழ்பெற்ற றொபேட் கிளைவ். வங்காளத்திற் குவித்த செல்வத்தைக் கொண்டு, பழைய மாளிகையை இடித்துப் புதியதை எழுப்பும் பணியை அவர் பிறவுணிடம் ஒப்படைத்தார். பிறவுணின் மருமகனாகவிருந்த ஹென்றி ஹொலன்ட் துணைநின்றார். வங்காளம் 1770இன் கொடும் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கு சுவர்கள் உயர்ந்தன. 1774இல் கிளைவ் இறந்தார். அம்மாளிகையில் அவர் வாழ்ந்த காலம் மிகச் சொற்பம். ஆங்கிலப் பூங்காவின் வரலாற்றை இங்கிலாந்தின் எல்லைக்குள் மட்டும் நின்று எழுதுதல் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உடன்வாழ்ந்தோரிலும் அவரை இகழ்ந்தோர் உளர். கட்டடக்கலைஞர் வில்லியம் சேம்பேஸ் 1772இல் வெளியிட்ட கீழைத்தேயத் தோட்டக்கலை பற்றிய நூலில், காய்கறித் தோட்டத்திலிருந்து வந்தோர் பூங்கா வகுக்கின்றனர் எனும்படியான ஏளனம் உண்டு. இதிற் சாதிச் செருக்கினையொத்த குலச்செருக்கே மிகுதி. 1794இல் யுவடேல் பிறைஸ், பெய்ன் நைற் ஆகியோர் கூறிய குறை கனமானது: பிறவுணின் பூங்காக்கள் வழவழப்பானவை, ஒன்றையொன்று ஒத்தவை என்றனர். அவர்களை மறுத்துப் பிறவுணுக்காக வாதிட்டவர் ஹம்பிறி றெப்ரன்.

பிறவுண் 1767இல் ஃபென்ஸ்ரன்ரனில் நிலவுரிமை வாங்கினார். 1770இல் ஹன்ரிங்டன், கேம்பிறிட்ஜ் மாவட்டங்களின் உயர் ஷெரிப்பாகவும் விளங்கினார். தோட்டக்காரச் சிறுவன் நிலக்கிழாராயினான். 1783 பெப்ரவரி 6ஆந் திகதி இலண்டனிலே தம் மகளின் இல்லத்தில் அவர் இறந்தார். உடல் ஃபென்ஸ்ரன்ரன் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அவரெழுதியவற்றுள் எஞ்சியவை சில கடிதங்களும் வரைபடங்களும் கணக்கேடொன்றுமே. அவர் நட்ட மரங்களுட் பல அவருக்குப்பின் நூறாண்டு சென்றே முழுவளர்ச்சி பெற்றன.