ஊர்ச் செய்தியிலிருந்து சாட்சியத்துக்கு: இலங்கைத் தமிழ் இதழியலில் பிரதேச நிருபர்

இலங்கைத் தமிழ் இதழியல் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களையும் ஆசிரியர்களையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. கோயில் திருவிழா, வீதி விபத்து, பாடசாலைப் பரிசளிப்பு என்று ஊரிலிருந்து எழுதி அனுப்பிய பிரதேச நிருபர் அதில் அரிதாகவே தலைகாட்டுகிறார். துண்டுச் செய்திக்காரராக இருந்த அவர் போர்க்காலத்தில் முதன்மைச் சாட்சியான விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடிதக்காரர் காலம்

'நிருபம்' என்றால் கடிதம். நிருபர் என்ற சொல்லிலேயே இத்தொழிலின் பிறப்பு இருக்கிறது. 1841இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் உள்ளூர்த் தமிழர்களே. ஆனால் செய்தி சேகரிப்பதற்கென்று தனி ஆள் வைக்கும் வழக்கம் அன்று உருவாகவில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதி அனுப்பினார்.

1930இல் கொழும்பில் 'வீரகேசரி'யும் 1932இல் 'தினகரன்' நாளிதழும் தொடங்கின. வடக்கு, கிழக்குச் செய்திகள் தபாலிலும் தந்தியிலும் கொழும்புக்குப் போய், அச்சாகி, ரயிலேறித் திரும்பி வந்தன. எந்த ஊருக்கு எத்தனை வரி என்பதைத் தலைநகர் மேசையே தீர்மானித்தது. அச்சேறிய செய்திக்கு மட்டுமே கொடுப்பனவு என்பதால், வேறு வருமானம் உள்ளவர்களே நிருபர் வேலையையும் பார்த்தார்கள். இந்தப் பகுதிநேர நிலை பின்னாளிலும் மாறவில்லை.

அச்சகம் ஊருக்கு வந்தபோது

1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'ஈழநாடு' 1961 முதல் நாளிதழானது. இதனால் நிருபருக்கும் வாசகருக்கும் இடையிலான தூரம் சுருங்கியது. பெயரின் முதலெழுத்துப் பிழைத்தாலும் மறுநாள் காலை உரியவர் படலையில் வந்து நின்று கேட்கலாம். கொழும்பு ஆசிரியபீடம் செய்ய முடியாத சரிபார்ப்பை ஊரே செய்தது. நிருபரின் நம்பகத்தன்மை இப்படித்தான் வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே வன்முறையில் 'ஈழநாடு' அலுவலகமும் தீக்கிரையானது.

வழியடைத்த பின்

1985இல் யாழ்ப்பாணத்தில் 'உதயன்' நாளிதழ் தொடங்கியது. 1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. அச்சுத்தாள் கிடைக்காதபோது கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. வெளியூர்ச் செய்தியாளர்கள் நினைத்தபடி வந்துபோக முடியாத நிலையில், உள்ளூர் நிருபரின் குறிப்பே உலகச் செய்திக்கு மூலமானது. பி.பி.சி.க்கும் 'வீரகேசரி'க்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19 அன்று ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார்.

இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது திருகோணமலைச் சம்பவம். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தம்மிடமிருந்த கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பு கூறியது. 'சுடர் ஒளி' நாளிதழின் பகுதிநேர நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சடலங்களைப் படமெடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பதை அப்படங்கள் காட்டின. கைக்குண்டுக் கதை அடிபட்டுப்போனது. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். மே 2 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல்நாள், 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர்கள் இருவரைக் கொன்றனர்.

முடிவு

சுகிர்தராஜன் செய்தது புதிய வேலை அல்ல. பிணவறைக்குப் போவதும், காயத்தைக் குறிப்பதும், பெயரைச் சரிபார்ப்பதும் விபத்துச் செய்தி எழுதும் எந்த ஊர் நிருபருக்கும் அன்றாடப் பழக்கம். அந்தப் பழக்கமே போரில் சாட்சியமாயிற்று. கொடுப்பனவு மட்டும் பகுதிநேரமாகவே இருந்தது, ஆபத்து முழுநேரமானது. இலங்கைத் தமிழ் இதழியல் வரலாற்றை இனி எழுதுவோர் ஆசிரியத் தலையங்கங்களிலிருந்து அல்ல, உட்பக்கத்துச் சிறு செய்திகளிலிருந்து தொடங்க வேண்டும்.