மணி பிளாண்ட்

மணி பிளாண்ட் என்பது சேம்பும் சேனைக்கிழங்கும் அடங்கிய அரேசியே குடும்பத்தைச் சேர்ந்த, இலையழகுக்காக வீட்டுக்குள் வளர்க்கப்படும் வெப்பமண்டல ஏறுகொடியாகும். பெயரிலுள்ள 'மணி' பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லேயன்றித் தமிழ் மணியன்று. இக்கொடியைத் திருடி வைத்தால்தான் செல்வம் சேரும் என்னும் நம்பிக்கை அப்பெயரையொட்டி வழங்குகிறது. பிரெஞ்சு பொலினீசியாவின் மொரேயா தீவே இதன் தாயகம். 1880இல் பொத்தோஸ் ஆரியஸ் என விவரிக்கப்பட்ட இக்கொடி, பூவைக் கொண்டே பேரினம் துணியப்படும் தாவரவியலில் பூக்காமலே இருந்தமையால் வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்டு, 1964இல் எபிப்ரெம்னம் ஆரியம் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. பூப்பைத் தூண்டும் ஜிப்பெரலின் என்னும் வளரூக்கியைப் போதுமான அளவில் உண்டாக்கும் திறன் இதற்கு இல்லை என்பது 2016இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது.

வீட்டில் காணப்படும் மணி பிளாண்ட் உண்மையில் இளம்பருவத்தைக் கடவாத கொடியே. காட்டில் மரத்தைப் பற்றி 20 மீட்டர் வரை ஏறும்போது அதன் இலைகள் ஒரு மீட்டர் நீளத்தை எட்டி, ஓரங்களில் ஆழமாகப் பிளவுபடுகின்றன. தொட்டியிலோ அவை உள்ளங்கையளவு இதய வடிவத்தோடு நின்றுவிடுகின்றன. கொடியைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் இலைகள் மேலும் சிறுத்துக் கணுவிடை நீளுமாதலால், பெரிய இலைகளை விரும்புவோர் தேங்காய் நார் சுற்றிய கொம்பை நட்டு, கணுக்களிலிருந்து புறப்படும் காற்று வேர்கள் அதில் பற்றும்படி நாரை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும்.

மர நிழலில் வளர்ந்த கொடியாகையால் சன்னலருகே விழும் மறைமுக வெளிச்சமே இதற்கு உகந்தது. நண்பகல் வெயில் நேரே பட்டால் இலை கருகும். வெளிச்சம் குறைந்த மூலையிலும் உயிர் வாழும் என்பது மெய்யே, எனினும் இலையிலுள்ள மஞ்சளும் வெண்மையுமான பட்டைகளில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், இருளில் புதிய இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே வெளிவரும். வெண்மை மிகுந்த மார்பிள் குவீன் வகைக்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இக்கொடி வாடி மடிவதைக் காட்டிலும் அழுகி மடிவதே மிகுதி. ஓயாமல் நனைந்திருக்கும் மண்ணில் காற்றிடைவெளி அடைபட்டு வேர் மூச்சுத் திணறுவதால், முதலில் அடியிலைகள் மஞ்சளாகின்றன. அதைத் தண்ணீர்க் குறையென்று தவறாகக் கருதி மேலும் ஊற்றுவதே பலர் செய்யும் பிழை. மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் உலர்ந்த பின்னரே, அடியில் துளையுள்ள தொட்டியில், நன்றாக ஊற்றி வடியவிட வேண்டும். செம்மண்ணுடன் தேங்காய் நார்க்கழிவும் சிறிது மணலும் மண்புழு உரமும் கலந்த கலவை போதுமானது.

புதுச்செடி உண்டாக்கக் கணுவுடன் கூடிய தண்டுத்துண்டு வேண்டும். கணுவில்லாத தனியிலை நீரில் பல நாள் வாடாதிருந்தாலும் தளிர் விடாது. கண்ணாடிப் புட்டியில் நீரில் மட்டுமே வளர்க்கும் வழக்கமும் உண்டு. அந்நீரை வாரந்தோறும் மாற்றி, புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாவிடில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும்.

அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்ற புகழ், 1989இல் நாசா மூடிய பெட்டிகளில் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது; காற்றோட்டமுள்ள வீட்டில் சில தொட்டிகளால் குறிப்பிடத்தக்க பயன் விளையாது. சேனையை நறுக்கும்போது அரிப்பூட்டும் அதே ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் இருப்பதால், மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். எனவே குழந்தைகளுக்கும் பூனை, நாய்களுக்கும் எட்டாதபடி வைக்க வேண்டும்.

கத்தரித்த கொடியைக் காட்டோரத்தில் எறிவதும் தகாது. ஓரிரு கணுக்களிலிருந்தே வேரூன்றிப் படரும் இக்கொடி, இலங்கையில் கண்டி நகரின் நடுவிலுள்ள உடவத்தகெலே காட்டில் பல எக்டேர் நிலத்தை மூடியுள்ளது. தொட்டியில் எட்டாத முதிர்பருவத்தை இத்தகைய இடங்களில் மரமேறி எட்டிவிடுகிறது.