வீட்டுக்குள் உடையின்றி இருந்தால் குற்றமா? மறைப்புக் கட்ட வேண்டியவர் யார்?

கேட்கக் கூச்சமான கேள்விதான். ஆனால் குளிப்பதும் உடை மாற்றுவதும் எல்லார் வீட்டிலும் நடப்பவை. அதனால் இதன் வரலாற்றை நாம் தெரிந்திருப்பது நல்லது.

1824இல் இங்கிலாந்தில் வந்த அலைந்து திரிவோர் சட்டம், பெண்ணை அவமதிக்கும் எண்ணத்தோடு தெருவிலோ, தெருவுக்குத் தெரியும்படியோ உடலைக் காட்டிய ஆணைத் தண்டித்தது. தன் அறைக்குள் தன்பாட்டில் இருந்தவரை அது தேடவில்லை.

அப்படியானால் எட்டிப் பார்த்தவர்? அங்கேதான் சிக்கல். 1865இல் டாப்ளிங் எதிர் ஜோன்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னது: அயலவர் வீட்டை நோக்கி யன்னல் வைப்பது தவறல்ல, பிடிக்காவிட்டால் உங்கள் காணியில் நீங்களே மறைப்புக் கட்டுங்கள். அதாவது, செலவு பார்க்கப்பட்டவருக்கு!

அதே காலத்தில், 1869 முதல் 1876 வரை, உதுமானியப் பேரரசு மஜல்லா சட்டக்கோவையைத் தொகுத்தது. அதன் 1202ஆம் பிரிவு நேரெதிர். சமையலறை, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடம் தெரியும்படி ஒருவர் யன்னல் திறந்தால் அது பெருந்தீங்கு. யன்னலை முற்றாக அடைக்கத் தேவையில்லை. ஆனால் மதிலோ பலகையோ வைத்து மறைக்க வேண்டியவர் யன்னல் திறந்தவரே. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் யன்னலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எவ்வளவு நிதானமான சட்டம் பாருங்கள்.

1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில், பெண்கள் இருக்கும் பகுதி அயலவர் பார்வைக்குப் படாமல் இருப்பது அந்நாட்டு வழக்காற்று உரிமை என ஏற்றது. ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படி இல்லை என்று தட்டிக்கழிக்கவில்லை.

இங்கிலாந்து இந்தப் பக்கம் திரும்ப 2023 ஆகிவிட்டது. லண்டன் டேட் மொடர்ன் கலைக்கூடத்தின் பார்வை மாடத்திலிருந்து எதிரே உள்ள கண்ணாடி வீடுகளைச் சனங்கள் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் திரைச்சீலை போடலாமே என்றது கீழ் நீதிமன்றம். பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை மறுத்தது: சாதாரணமாகக் கண்ணில் படுவது வேறு, இது வேறு, தொல்லை கொடுப்பவரே பொறுப்பு.

நம் ஊர்களில் மதிலோடு மதிலாக மேல்மாடிகள் எழும்புகின்றன. எல்லார் கையிலும் கமரா. படமொன்று பரவினால் நாம் முதலில் கேட்பது, "அந்தப் பிள்ளை ஏன் யன்னலைத் திறந்து வைத்தது?" என்றுதான். அது 1865இன் கேள்வி. மஜல்லாவின் கேள்வி வேறு: மேல்மாடி கட்டியவர் மறைப்பு வைத்தாரா?

அடுத்த மாடி கட்ட முன் இதை ஒருமுறை நினைப்போம்.