காக்களூரில் தொடங்கிய மடிக்கணினி

விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்தக் கணினிகளில் ஒன்று, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த என் மகளுக்கும் கிடைத்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு பரணில் கிடந்தது.

போன மே மாதம் அதைக் கீழே இறக்கினேன். எங்கள் தெருவில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவரின் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை எல்லாமே இணையத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் பிரவுசிங் சென்டருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உதவுமே என்று துடைத்து எடுத்தால், பேட்டரி போயிருந்தது. சார்ஜரைச் செருகியே வைத்தால் ஓடியது. ஆனால் எங்கள் வீட்டு வைஃபை மட்டும் பட்டியலில் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வருகிறது! கடைக்காரர் ஒருவர், "பழைய சாமான் சார், தூக்கிப் போடுங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை.

விஷயம் கணினியில் இல்லை. நம் வயதுக்காரர்களுக்கு வானொலி உரிமம் ஞாபகம் இருக்கும். தபால் ஆபீசில் பணம் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்குவோம். 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வானலைக் கருவி வைத்திருப்பதே குற்றம். வைஃபையும் வானலைதான். 2005 ஜனவரியில்தான் மத்திய அரசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று விதி போட்டது. நம் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். அதனால்தான் பக்கத்தில் அது ஓடும்போது சில சமயம் வைஃபை திணறுகிறது. மகளின் கணினிக்கு அந்த 2.4 மட்டுமே தெரியும்.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும் பங்கை அரசு தாராளமாகத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். அதில் வேகம் அதிகம், சுவர் தாண்டும் திறன் குறைவு. அதே 2018-ல் டபிள்யூபிஏ3 என்ற புதுப் பூட்டும் வந்தது. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 பூட்டுக்குத்தான் பழைய கணினியிடம் சாவி உண்டு. எங்கள் பெட்டியை மாட்டிய பையன், வேகம் வரட்டும் என்று 5-ஐயும் புதுப் பூட்டையும் மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த முகவரியைக் கைப்பேசியில் அடித்து, அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வைத்து, பூட்டை டபிள்யூபிஏ2-க்கு மாற்றினேன். அந்தப் பட்டியலில் டபிள்யூஇபி என்று இன்னும் பழைய பூட்டு இருந்தால் தொடாதீர்கள். 2001-லேயே அதை உடைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விண்டோஸ் 7-க்கும் 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதனால் அதை எடுத்துவிட்டு, லினக்ஸ் போட்டேன். அதற்கு இரண்டு நாள் ஆனது. இடையில் என் மனைவியிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

ஜூன் முதல் வாரம் அந்தப் பெண் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பினாள். "தாத்தா, போயிடுச்சு!" என்று கத்தினாள். மறுநாள் கணினியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். எங்கள் வைஃபை அவள் வீட்டு வாசல் வரை எட்டுகிறது, அதுவும் அந்தப் பழைய 2.4-ல் மட்டும்.

பேட்டரிதான் இன்னும் கிடைக்கவில்லை.