ஒன்றாய் நடந்த இரு ரூபாய்கள்

இன்று ஓர் இந்திய ரூபாயைப் பெற நாம் மூன்று இலங்கை ரூபாய்க்கும் மேலே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இவ்விரண்டும் சரிநிகராய் இருந்தன. அவை பிரிந்த வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1872இல் ஷில்லிங், பென்ஸ் கணக்கு நீங்கி, இந்திய வெள்ளி ரூபாயும் அதன் நூறு சதங்களும் இலங்கையின் நாணயமாயின. 1884இல் ஓரியண்டல் வங்கி முறியவே, அரசாங்கமே நோட்டு வெளியிடலாயிற்று. உலகில் வெள்ளி விலை வீழ்ந்தபோது இரு ரூபாய்களும் ஒன்றாகவே தாழ்ந்தன. 1949இல் பவுணுடன் சேர்ந்து இரண்டும் மதிப்பிழந்தன. அப்போது ஒரு டொலருக்கு 4 ரூபாய் 76 சதம்.

1950 ஆகஸ்ட் 28இல் நமது மத்திய வங்கி பிறந்தது. நம் நாணயத்தை நாமே ஆளும் உரிமையும் அதைக் காக்கும் பொறுப்பும் ஒருங்கே வந்தன.

போர்களாலும் வறட்சியாலும் நலிந்த இந்தியா, 1966 ஜூனில் டொலருக்கு 7 ரூபாய் 50 சதம் என்று தன் நாணயத்தைத் தாழ்த்தியது. இலங்கை உடன் தாழ்த்தவில்லை. அன்று நமது 100 ரூபாய் இந்தியாவின் 157 ரூபாய்க்குச் சமம்! ஆனால் அந்த உயர்வு ஏட்டளவிலேயே இருந்தது. தேயிலையும் இறப்பரும் ஈட்டியதை விட, அரிசிக்கும் மாவுக்கும் பிற இறக்குமதிகளுக்கும் நாம் கொடுத்தது மிகுதி. கட்டுப்பாடுகளே விலையைத் தாங்கி நின்றன. 1967இல் டொலர் 5 ரூபாய் 95 சதமாயிற்று. 1977இல் கட்டுத் தளர்ந்ததும் 16 ரூபாயளவுக்கு ஏறியது.

காரணம் யாது? டொலரும் சந்தைச் சரக்கே. வேண்டுவோர் பெருகி வரத்துக் குறைந்தால் அதன் விலை ஏறும். செலவை ஈடுசெய்ய நோட்டுகளை அச்சிட்டுக் குவித்தால் ரூபாய் இன்னும் மலியும். 2022இல் கையிருப்பு வற்றியபோது, மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதும் இதனாலேயே.

பொத்துவில் வயலுக்கு இடும் உரமும் மீன்படகுக்கு ஊற்றும் எண்ணெயும் டொலரால் வாங்கப்படுபவை. அறுகம்பேக்கு வரும் உல்லாசப் பயணிகளும், அரபு நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமும் அந்த டொலரைக் கொண்டு வருகின்றன. ஆகவே நாணயத்தின் பலம் கொழும்பில் எழுதும் சட்டத்தில் மட்டும் இல்லை. விளைப்பதிலும், விற்பதிலும், வரவுக்குள் செலவை அடக்குவதிலும் உள்ளது. வீட்டுக்கு ஏற்ற இவ்விதியே நாட்டுக்கும் ஏற்றது.