ரோண்டா: தண்ணீர் சுமந்தவர்களின் ஊர்



ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகும் என் பழைய மாணவன் ஒருவன், "சார், ரோண்டாவில் என்ன பார்க்கலாம்?" என்று கேட்டான். "பாலத்தைப் பார்த்துப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதே அப்பா, அந்த ஊருக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்றும் பார்" என்றேன். அதன் காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

தெற்கு ஸ்பெயினில், மலாகா மாகாணத்து மலைகளுக்கு நடுவே பாறைமேல் அமைந்த ஊர் ரோண்டா. குவாதலெவின் ஆறு அந்தப் பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பள்ளமே ஊருக்கு இயற்கையான அகழி. ஆனால் குடிக்கும் தண்ணீரும் அதே பள்ளத்தின் அடியில்தான் இருந்தது.

ஆகவே முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் பாறைக்குள்ளேயே ஆறு வரை படிக்கட்டு குடைந்தார்கள். ஏறக்குறைய 200 படிகள். தோல்பைகளில் தண்ணீரை மேலே ஏற்றியவர்கள், சிறைபிடிக்கப்பட்ட கிறிஸ்தவ அடிமைகள். இன்று அந்த இடத்துக்கு 'மூர் அரசன் மாளிகை' என்று பெயர். மேலே நிற்கும் வீடோ 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. எந்த மூர் அரசனும் அதில் குடியிருந்ததில்லை. குடியிராத அரசனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது; தண்ணீர் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

1485இல் பெர்டினாண்டு மன்னரின் படை ரோண்டாவை முற்றுகையிட்டது. பீரங்கிகள் மதிலை இடித்தன. ஆற்றுத் தண்ணீருக்கான வழியும் அடைபட்டது. மே மாதத்தில் ஊர் சரணடைந்தது. அடிமைகள் விடுதலை பெற்றார்கள்.

இனி அந்தப் புகழ்பெற்ற பாலம். ஊர் பள்ளத்தின் மறுகரைக்கும் வளர்ந்ததால் 1735இல் அவசரமாக ஒரு பாலம் கட்டினார்கள். ஆறே ஆண்டில், 1741இல், அது இடிந்து விழுந்து சுமார் 50 பேர் இறந்தார்கள். பிறகு 1751இல் தொடங்கிய 'புதிய பாலம்' 1793இல்தான் முடிந்தது. உயரம் 98 மீட்டர், உழைப்பு 42 ஆண்டுகள்! இதை முடித்த கட்டடக் கலைஞர் மார்ட்டின் தெ அல்தெவேலா பாலத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். அவர் 1802இல் மலாகா நகரில் காலமானார்.

நேரம் இருந்தால் கீழே ஓடைக் கரையில் உள்ள அரபுக் குளியல் கூடத்துக்கும் இறங்கிப் போங்கள். விலங்கைப் பூட்டிச் சக்கரம் சுற்றி நீர் இறைத்த இடம் இன்றும் இருக்கிறது. தண்ணீர் இருந்த இடத்துக்கே கூடத்தைக் கொண்டுபோன புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள்.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அருகிலுள்ள செதெனில் ஊருக்குப் போய் வரலாம். அங்கே ஆறு குடைந்த பாறையின் அடியிலேயே வீடுகள்; பாறையே கூரை. அசினிப்போ குன்றின்மேல் ரோமானியர் நாடக அரங்கம் நிற்கிறது. அதைச் சூழ்ந்திருந்த நகரம் இன்று இல்லை.

கோட்டையையும் பாலத்தையும் யார் கட்டினார் என்று தேர்வில் கேட்போம். அங்கே தண்ணீர் சுமந்தது யார் என்று பாடப்புத்தகம் கேட்பதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்