மாத்திரை போட்டதும் வந்த காய்ச்சல்

“யானைக்கால் மாத்திரை போட்டா காய்ச்சல் வரும் சார், நாங்க போடல.” நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படிச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. நெய்வேலி அடங்கிய கடலூர் மாவட்டத்தில்தான் 1996-இல் யானைக்கால் நோய்ப் புழுவைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையை ஆண்டுக்கு ஒருவேளை வழங்கும் திட்டம் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. விழுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு மட்டும் உடம்பு கொதித்தது. ஏன் அந்தச் சிலருக்கு மட்டும்? இந்தக் கேள்வியோடு பழைய ஆய்விதழ்களுக்குள் இறங்கினேன்.

முதல் தடயம் சென்னையிலேயே கிடைத்தது. 1988-இல் வெளியான கட்டுரை அது. வி. குமாரசாமியும் எரிக் ஆட்டிசனும் சக ஆய்வாளர்களும், இரத்தத்தில் யானைக்கால் நோயின் நுண்புழு இருந்த 40 தென்னிந்திய ஆண்களுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். டி.இ.சி.க்குத் தொடர்பே இல்லாத வேறு மருந்து. ஆனாலும் ஏறக்குறைய எல்லோருக்கும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. இரத்தத்தில் புழு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குத் தொல்லையும் அதிகம். மருந்து மாறியும் காய்ச்சல் மாறவில்லை என்றால் குற்றவாளி மருந்து அல்ல.

அப்படியானால் செத்த புழுவா? அதே கட்டுரையில் இன்னொரு விவரம் இருந்தது: மருந்து கொடுத்து 18 முதல் 36 மணி நேரத்துக்குள்தான் தொல்லை உச்சத்தைத் தொட்டது. இடையில் உடம்புக்குள் ஏதோ தயாராகிறது என்று தோன்றியது. தேடல் 1948-க்குப் பின்னோக்கிப் போனது.

அந்த ஆண்டு அமெரிக்க மருத்துவர் பால் பீசன், முயலின் அழற்சியுற்ற வயிற்றறையில் திரண்ட வெள்ளையணுக்களிலிருந்து ஒரு சாற்றை எடுத்தார். அதை வேறு முயல்களுக்குச் செலுத்தினார். அவற்றுக்குக் காய்ச்சல் வந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது: சாற்றில் பாக்டீரியா நஞ்சு கலந்திருந்தால்? வடித்த நீரில்கூட அந்த நஞ்சு தங்கிக் காய்ச்சல் தரும் என்று 1923-இலேயே ஃப்ளோரன்ஸ் சீபர்ட் காட்டியிருந்தார். 1953-இல் பென்னெட்டும் பீசனும் இதற்கு விடை தந்தார்கள். பாக்டீரியா நஞ்சு கொதிநீரிலும் அழியாது. வெள்ளையணுச் சாறோ சூடுபடுத்தினால் வீரியம் இழந்தது. இரண்டும் வேறு வேறு. 1955-இல் அட்கின்ஸும் உட்டும், டைபாய்டு தடுப்பூசி மருந்து செலுத்திய முயலின் இரத்தத்திலேயே இப்படியொரு பொருள் சுற்றி வருவதைக் கண்டார்கள். மோனோசைட், மேக்ரோஃபேஜ் வகை அணுக்களே இதை அதிகம் சுரக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. 1977-இல் சார்லஸ் டினரெல்லோ மனித அணுக்களிலிருந்து இதைத் தூய்மைப்படுத்தினார். இன்று அதன் பெயர் இன்டர்லூக்கின்-1.

இரத்தத்தில் ஓடுவது மூளையை எப்படித் தொடுகிறது? 1971-இல் ஃபெல்ட்பெர்க்கும் பி. என். சக்சேனாவும் மூளை அறைக்குள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை மிகச் சிறிதளவு செலுத்தியதும் விலங்குகளுக்குக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பிரின் அந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கிறது என்று அதே ஆண்டு ஜான் வேன் நிறுவினார். வெள்ளையணு அனுப்பும் பொருளால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகிறது. அது உடல் வெப்பத்தின் அளவை உயர்த்திவிடுகிறது.

கடைசிக் கண்ணி யானைக்கால் ஆய்விலேயே இருந்தது. சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு காய்ச்சல் பொருள் உயர்வதை 1994-இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. புழுவுக்குள் குடியிருக்கும் வொல்பாக்கியா பாக்டீரியா, புழு சாகும்போது இரத்தத்தில் சிதறுவதை 2001-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. வெள்ளையணுக்களைத் தூண்டிவிடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆக, அந்தக் காய்ச்சலைத் தயாரித்தது நம் வெள்ளையணுக்களே. யாருக்கும் தெரியாமல் உடம்பில் புழு இருந்தது, அது செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயுற்றவர்கள் தவிர மற்றவர்கள், மாத்திரை வழங்கப்படும் இடங்களில் சுகாதாரப் பணியாளர் தருவதை அவர் முன்னாலேயே விழுங்குங்கள். காய்ச்சல் வந்தால் அவரிடம் சொல்லிப் பாராசிட்டமால் கேளுங்கள். தணியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் பயந்து மாத்திரையை மட்டும் ஒதுக்காதீர்கள்.